ரிலீப் காடு

எங்கள் பக்கத்தில் நிலம் என்றாலே காடுதான். பருத்தி போட்டால் பருத்திக்காடு, மிளகாய் போட்டால் மிளகாய்க்காடு. அதில் ஒரு மரம்கூட நிற்க வேண்டியதில்லை. அதனால் பசுவந்தனைக்கு அங்கிட்டு, வேலிக்கருவைப் புதருக்கு நடுவே நீளமாகக் கிடக்கிற ஒரு கான்கிரீட் பட்டையை எல்லோரும் 'ரிலீப் காடு' என்று சொன்னபோது எனக்குக் 'காடு' உறுத்தவில்லை. 'ரிலீப்'தான் உறுத்தியது.

அது ஒரு பழைய விமான ஓடுதளம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்டது. யுத்தம் முடிந்து விமானமும் ஆட்களும் போன பிறகு, ராணுவ நிலம் என்ற பேரோடு அப்படியே கிடக்கிறது. விற்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. என்றைக்காவது வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த தளம். இவ்வளவும் நானாகத் தேடித் தெரிந்துகொண்டது. ஊரைக் கேட்டால் கதை வேறு.

"பஞ்சத்துல வெள்ளைக்காரன் கஞ்சி ஊத்துன எடம்லா அது" என்பார்கள். கரிசல் பூமியில் ரிலீப் என்றால் ஒரே அர்த்தம்தான். மழை பொய்த்து, காடு காய்ந்து, சனம் கஞ்சிக்குப் பறக்கும்போது சர்க்கார் கொடுக்கிற வேலைக்குப் பேர் ரிலீப் வேலை. கண்மாய் வெட்டலாம், ரோட்டுக்குக் கல் உடைக்கலாம். சாயங்காலம் கூலியோ கஞ்சியோ உண்டு. பேரே ரிலீப் காடு என்றிருக்கும்போது வேறு என்ன விளக்கம் வேண்டும்?

எனக்கு வேண்டியிருந்தது. சரி, கஞ்சிக்காகப் போட்ட ரோடு என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலிருந்தும் புறப்படாமல், எந்த ஊருக்கும் போகாமல், மாட்டுவண்டி பத்து சேர்ந்து போகிற அகலத்துக்கு யாராவது ரோடு போடுவார்களா? இதை டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளைக்காரனுக்குக் கிறுக்குட்டி" என்று சொல்லி அடுத்த கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். விவகாரம் முடிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் அப்பாவுக்கு டூவீலர் ஒர்க்ஷாப். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, விமானங்களுக்கு வழி சொல்கிற வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்று அம்மா திருத்துவாள். தலைக்கு மேலே சத்தம் கேட்டால் போனை எடுத்து, அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஓடுதளத்துக்குப் போய்விடுவேன். "கோயில்லேர்ந்து நேரா பொட்டக்காட்டுக்குப் போற ஒரே கிறிஸ்தவச்சி இவதான்" என்பது அம்மாவின் வழக்கமான ஏச்சு.

பேரின் மர்மம் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் உடைந்தது. பழைய விமானத் தளங்களின் வகைகளைப் பற்றி எதையோ தேடப் போய், பாடத்தை விட்டு எங்கேயோ இறங்கிவிட்டேன். அங்கே இருந்தது: ரிலீஃப் லேண்டிங் கிரவுண்ட். பெரிய தளத்தில் கூட்டம் தாங்காவிட்டால், அல்லது அங்கே குண்டு விழுந்தால், மழையில் அது முங்கிவிட்டால் விமானம் வந்து இறங்குவதற்கென்று தள்ளிப் போட்டு வைக்கிற மாற்றுத் தளம். பெரிய தளத்தின் பாரத்தை இறக்கி வைக்கிற இடம் என்பதால் 'ரிலீஃப்'. யுத்த காலத்தில் இங்கே யாரோ பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், யாரோ சத்தமாக வாசித்திருப்பார்கள். கேட்ட சனத்துக்கு அந்த வார்த்தை முன்னமே தெரியும். பசியில் கற்றுக்கொண்ட வார்த்தை. அதன்மேல் ஒரு கஞ்சித் தொட்டியைத் தாங்களே வைத்துவிட்டார்கள்.

நாற்காலியை விட்டு எழுந்து அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பரீட்சைக்கு இது வருமா?"

அடுத்து யாரிடம் சொல்வது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ரிலீப் காட்டில் செம்மறி ஆடு வைத்திருக்கிற அக்கா ஒருத்தி உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். வீட்டில் தெலுங்கு, ஆட்டிடமும் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோடையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் ஆட்டை விவசாயிகளின் காட்டில் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடு அடைந்து கிடந்தால் நிலத்துக்கு உரம். ஆவணி, புரட்டாசியில் மழையை எதிர்பார்த்து விதைப்பு தொடங்கிவிட்டால் ஒரு காட்டுக்குள்ளும் ஆட்டை விட மாட்டார்கள். அப்போதுதான் அவர்கள் ஓடுதளத்துக்கு வருவார்கள்.

காரணம் கரிசல் மண். வெயிலில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற அதே மண், மழை விழுந்தால் களி. ஒரு அடி வைத்தால் ஒரு கிலோ மண் காலோடு வரும். ஆடு அதில் நாள் கணக்காக நின்றால் குளம்புக்கு நடுவே புண் வந்து அழுகிவிடும். நொண்டுகிற ஆடு மேயாது. மேயாத ஆடு நிற்காது. ரெண்டு மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அக்கா ஆட்டை மேடு ஏற்றப் பிந்திவிட்டாள். அந்த வருஷம் செத்ததைப் பற்றிக் கேட்டால் இப்போதும் பேச்சை மாற்றுவாள். ஓடுதளம் சரள் மேட்டில் இருக்கிறது, அதன்மேல் கல் பாவிக் கான்கிரீட் போட்டிருக்கிறது, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றுவட்டாரத்தில் ஆடு நிற்க அதைவிட நல்ல தரை கிடையாது.

நான் போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வேலிக்கருவை நெற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கஞ்சி ஊத்தலைங்க?"

"இல்லக்கா. இது ஏரோப்ளேனுக்கு ரிசர்வ். பைக்ல பெட்ரோல் தீந்துட்டா குழாயத் திருப்பி ரிசர்வ்ல ஓட்டுவாங்கள்லா, அந்த மாதிரி. மத்த எடம் ஆகலைன்னா இங்க எறங்கலாம்."

"ரிசர்வ்னா எலெக்சன்ல வைப்பாவளே, அதா?"

"அது இல்லக்கா. பைக்கு."

"எங்க வீட்டுக்காரு வண்டி எப்பவும் ரிசர்வ்லதான் ஓடுது" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கஞ்சி ஊத்தலைங்குறியே, நீ பாத்தியா?"

"நான் எப்படிக்கா பாக்க முடியும்?"

"பின்ன? நானும் பாக்கல, நீயும் பாக்கல. ஊரே சொல்லுறத நான் நம்புதேன். போன்ல வந்தத நீ நம்புத. போ."

புரட்டாசியில்தான் ஜீப் வந்தது. மூன்று காலில் நிற்கிற அளவைக் கருவியோடு ஆட்கள் இறங்கி, ஓடுதளத்தின் ஓரமெல்லாம் முளைக்குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டினார்கள். அன்றைக்கே டீக்கடையில் ஏர்போர்ட் வந்துவிட்டது. மறுநாள் அதற்குப் பக்கத்தில் ஓட்டலும் வந்துவிட்டது. தரிசு வைத்திருந்தவர்களெல்லாம் மீசையைத் தடவினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. என் வாழ்நாளில் இந்தத் தளத்தில் ஒரு விமானம் சக்கரம் பதிக்கப் போகிறது! அது எந்த ரகமாக இருக்கும், எவ்வளவு நீளம் அதற்குப் போதும் என்று வண்டியிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா முளைக்குச்சிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்புத் துணியை ஒரு ஆட்டுக்குட்டி சப்பிக்கொண்டிருந்தது.

"வேலி போடப் போறாகளாம்" என்றாள். "மழைக்கு முந்தியா பிந்தியான்னு கேக்குதேன், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். முந்திப் போட்டுட்டான்னா என் ஆட்ட எங்கன நிறுத்த? எல்லாம் செனையா வேற நிக்கி. இப்ப சந்தைக்குக் கொண்டு போனா, மழைக்குப் பயந்து விக்குதான்னு அடிமாட்டு வெலைக்குக் கேப்பான்."

எனக்கு விமானம் வர வேண்டும். அக்காவுக்கு அது வரக் கூடாது. ரெண்டு பேரும் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ படிச்சவதான, என்கூட வந்து நின்னு பேசு" என்றாள். "ரிலீப்புக்குன்னு சனத்துக்குக் குடுத்த எடத்துல வேலி போடக் கூடாதுன்னு சொல்லு."

"அக்கா, அது அந்த ரிலீப் இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்லா."

"ஏட்டி, நீ யாரு பக்கம்?"

பேசாமல் கூடப் போனேன்.

அளக்க வந்தவர்களில் மூத்தவர் புளியமரத்து நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டு இப்போது ஒப்பந்தத்தில் இந்த மாதிரி பழைய தளங்களைப் பார்த்து வருகிறவர். திருச்சிப் பக்கத்துப் பேச்சு. நான் நாகரிகமாக ஆரம்பிக்கலாம் என்று தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா முன்னால் போய்விட்டாள்.

"சார், இது ரிலீப் கிரவுண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொன்னீங்க?"

"ரிலீப் கிரவுண்டு சார். இங்கன எல்லாருக்கும் தெரியும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

மனுஷர் எழுந்தே விட்டார். கருவியோடு நின்ற பையன்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "கேட்டீங்களாடா? உங்கள்ல ஒருத்தனுக்கு இந்த வார்த்தை தெரியுமா? அந்தக் காலத்து வார்த்தைடா இது! நானே பழைய ஆளுங்க சொல்லிக் கேட்டதுதான். இங்க ஆடு மேய்க்கிறவங்க வாயில சாதாரணமா வருது!"

அக்கா என் பக்கம் சாய்ந்து, "இவரு எதுக்குட்டி இம்புட்டுச் சந்தோசப்படுதாரு?" என்றாள். நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க? இந்த ரிலீஃப்னா என்னன்னு சொன்னாங்க?"

"கஞ்சி ஊத்துனது சார். பஞ்சத்துல."

அவர் முகம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பையன்களும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான்தான் நடுவில் புகுந்து, பலகையில் எழுதியிருந்திருக்கும், சனம் தெரிந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருக்கும் என்று என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் அதற்கும் எழுந்திருப்பார், ஆனால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு சார் இது? யுத்தம் வருதா?" என்று அக்கா கேட்டாள்.

"யுத்தம்லாம் இல்லம்மா. இருக்கிற தளத்த மறக்காம வச்சிருக்கணும்ல? யுத்தத்துக்கும் ஆகும், மத்ததுக்கும் ஆகும். புயல் அடிச்சு, வெள்ளம் வந்து, தூத்துக்குடில ஏர்போர்ட் முங்கிடுச்சுன்னு வைங்க. ஹெலிகாப்டர் எங்க நிக்கும்? சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணி, மருந்து எல்லாம் எங்க கொண்டாந்து எறக்கிப் பிரிக்கிறது? அதுக்கு இந்த மாதிரி மேட்டுத் தரை வேணும்."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப கஞ்சி ஊத்துற எடந்தான? இதத்தான நான் மொதல்லயே சொன்னேன்!"

அன்றைக்கு நான் படித்த படிப்பெல்லாம் சுற்றிச் சுற்றி அந்தக் கஞ்சித் தொட்டிக்கே வந்து சேர்ந்தது.

ஆனால் வேலி வேலிதான். அதை அவர் மறைக்கவில்லை. "நான் அளக்க வந்தவன்மா. இருன்னு சொல்லவும் அதிகாரம் இல்ல, போன்னு சொல்லவும் இல்ல. கல்லு நடுற கான்ட்ராக்டர் தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுவார்." ஓடுதளமும் அதன் இரு பக்கமும் கொஞ்ச தூரமும் வேலிக்குள் போகும் என்று கையால் காட்டினார். அக்கா அந்தக் கை போன திசையையே பார்த்தாள். அவளுடைய சினையாடுகள் தூரத்தில் கான்கிரீட் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அக்காவுக்காகக் கேட்டேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"சார், யுத்த காலத்துத் தளம்னா ப்ளேன ஓடுதளத்துலயே நிறுத்த மாட்டாங்கள்ல? ஒரு குண்டு விழுந்தா எல்லாம் போயிரும்ல? தள்ளித் தள்ளித்தான நிறுத்துவாங்க. இங்க எங்க நிறுத்துனாங்க?"

"நல்ல கேள்வி. தனித்தனியா வட்டமா தரை போட்டு, பாதை வச்சு, புதருக்குள்ள மறைச்சு நிறுத்துவாங்க. இங்க இருந்தா இருக்கலாம். என் படத்துல இல்ல. என் வேலையும் இல்ல. அதெல்லாம் ஊர்ப் புறம்போக்குல கலந்திருக்கும்."

"தரைன்னா?" என்றாள் அக்கா சட்டென்று. "மண் தரையா, கல் தரையா?"

"ப்ளேன் நிக்கணும்லம்மா. கல் தரைதான்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திப் போனில் வான்படத்தைத் திறந்தேன். ஓடுதளம் சாம்பல் கோடாகத் தெரிந்தது. சுற்றிலும் வேலிக்கருவை, பச்சைக் கம்பளி மாதிரி. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன். வடக்குப் பக்கம் ஒரு இடத்தில் கம்பளி தேய்ந்திருந்தது. வட்டமாக. அதிலிருந்து ஓடுதளத்தை நோக்கி மெல்லிய வால். கைப்பிடி வைத்த தோசைக்கல் மாதிரியே இருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, பாதி அழிந்த மாதிரி. எத்தனை தடவை இதே படத்தைப் பார்த்திருக்கிறேன்! ஓடுதளத்தின் நீளத்தை அளந்தேனே தவிர, பக்கத்தில் ஒரு தடவைகூடக் கண்ணை ஓட்டவில்லை.

மறுநாள் காலையில் அக்கா, அவள் வீட்டுக்காரர், நான், மூன்று பேரும் போனோம். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்பேன்; அவர் கையில் அரிவாளும் கடப்பாரையும். நான் போனைப் பிடித்துக்கொண்டு, இடது, வலது, இன்னும் கொஞ்சம் நேரே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நான் எழுதுகிற பரீட்சையின் வேலையும் இதுதான். என் சொல் கேட்டு முதல் முதலில் வழி திரும்பியவர் அந்த அண்ணாச்சி. திரும்பிய ஒவ்வொரு தடவையும் அவர் வேட்டியை முள் இழுத்தது.

"இந்தப் புள்ள பேச்சக் கேட்டு ஏரோப்ளேன் போச்சுன்னா நேரா முள்ளுக்குள்ளதான் எறங்கும்" என்றார்.

"பேசாம வெட்டுங்க" என்றாள் அக்கா.

ஒரு இடத்தில் மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு நின்றன. அண்ணாச்சி கடப்பாரையைக் குத்தினார். அரையடி மண் போய், ணங் என்றது. கொஞ்சம் தள்ளிக் குத்தினார். ணங். அக்கா கடப்பாரையைப் பிடுங்கி, அவளே நடந்து நடந்து குத்த ஆரம்பித்தாள். ணங் வருகிற இடமெல்லாம் நான் ஒரு கல்லை வைத்துக்கொண்டே வந்தேன். முடிந்ததும் பின்னால் போய்ப் பார்த்தால் கல் வட்டமாக நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கூச்சல் போட வேண்டும் போலிருந்தது, போட்டேன். அண்ணாச்சி பாம்போ என்று பதறிவிட்டார்.

அக்காவுக்கு ணங் மட்டும் போதவில்லை. ஒரு இடத்தில் மண்ணை வழித்துவிட்டு, தூக்குவாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது, பிறகு வெளி ஓரத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்தது.

"ஓடுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர்கள் வேலிக்கருவையை வெட்டி, மண்ணைச் சுரண்டினார்கள். விறகுக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்ப் புறம்போக்கு என்பதை அக்கா பஞ்சாயத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். முள்ளு வெட்டினால் ஊருக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை நானும் போய் மண்வெட்டி பிடித்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. கான்கிரீட்டில் ஓரமாக ஒரு இரும்பு வளையம் பதித்திருந்தது. காற்றில் விமானம் நகராமல் கட்டிப்போட. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா, "நல்லதாப் போச்சு, கெடா கட்ட ஆகும்" என்றாள்.

சொன்னபடியே கான்ட்ராக்டர் வந்து கல் நட்டுக் கம்பி இழுத்தார். ஓடுதளம் உள்ளே போனது.

மழை ஒரு மத்தியானம் வந்தது. ரெண்டு நாளாக மூடிக்கொண்டிருந்த வானம், நாகலாபுரம் பக்கம் கறுத்து, திடீரென்று அடித்தது. அக்காவிடமிருந்து போன்: "வாரியாட்டி? ஆடு எடம் புதுசுன்னு ஏற மாட்டேங்குது." மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மந்தை முழுக்க, முள்ளை வெட்டி வட்டத்துக்குப் போட்டிருந்த ஒற்றையடிப் பாதையில் நெருக்கியடித்து நின்று கத்திக்கொண்டிருந்தது. வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. அக்கா முன்னால் நின்று "ரா, ரா" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள், ஒன்றும் அசையவில்லை. அண்ணாச்சி ஒரு குட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அது கத்தியது. தாய் ஆடு தண்ணீரைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது, ஒரே தாவு. பின்னால் நின்றதும் தாவியது. அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீர் இல்லாத இடத்துக்கு வந்த ஆடுகூட, முன்னது தாவியதே என்று தாவிக்கொண்டு போய் இறங்கின. வயிறு கனத்த சினையாடுகளும் நாலு காலையும் தூக்கிவிட்டன. மழைச்சத்தத்துக்கு நடுவே குளம்புகள் கான்கிரீட்டில் டக் டக்கென்று விழுந்தன.

வட்டம் நிரம்பிவிட்டது. காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையை உள்ளே விட்டு, ஒன்றையொன்று ஒட்டி நின்றுகொண்டன. ஆனாலும் ஒரு இருபது முப்பது ஆடு பாதையிலேயே மிச்சம் நின்றது. இடமில்லை. கால் கரிசலில் முங்கியிருந்தது.

அக்கா முகத்து மழையை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, எல்லாத்தையும் ஒரே எடத்துல நிறுத்த மாட்டாகன்னு சொன்னேல்லா. அன்னைக்கு இன்னொண்ணு காமிச்சியே, பாதி அழிஞ்சது. அது எங்கன?"

போனை எடுத்தேன். திரை முழுக்க மழைத்துளி. விரல் எங்கே வைத்தாலும் படம் எங்கேயோ ஓடியது. பையில் போட்டுவிட்டு, ஓடுதளம் எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று நினைத்துப் பார்த்து, கையை நீட்டினேன்.

"அங்கிட்டு இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

"இருக்கு. வாங்க."

அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். பத்தடி போவதற்குள் என் செருப்பு ரெண்டையும் மண் பிடித்துக்கொண்டது.